அக்காவின் மாத்திரைப் பெட்டி

அக்காவுக்கு இரைப்பைக் குறைப்பு அறுவை சிகிச்சை நடந்து 14 மாதம் ஆகிறது. சர்க்கரை மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது. சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் முழுக்க மூச்சு வாங்காமல் நடக்கிறார். பார்க்கவே மனசு நிறைகிறது.

அறுவைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கும், ஷீல்டு என்ற மருத்துவமனைக் காப்புறுதித் திட்டமும் கை கொடுத்தன. மருத்துவக் காரணம் இருந்ததால் கிடைத்தது. அழகுக்காகச் செய்தால் கிடைக்காது.

சிக்கல் இப்போதுதான். போன வாரம் ரத்தப் பரிசோதனை பில்லை அனுப்பினோம். காலக்கெடு முடிந்துவிட்டது என்று காப்புறுதி நிறுவனத்திலிருந்து பதில். மருத்துவமனையை விட்டு வந்தபின் இத்தனை நாள் வரைதான் செலவைத் தருவார்கள் என்று ஒரு கணக்கு உண்டு, அது திட்டத்துக்குத் திட்டம் மாறும். ஆனால் இந்த அறுவை செய்தவருக்குப் பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க வேண்டும். வருடா வருடம் ரத்தமும் பார்க்க வேண்டும்.

அக்கா வீட்டு ஜன்னலோரம் ஒரு மாத்திரைப் பெட்டி. கால்சியத்தையும் இரும்பையும் ஒன்றாக விழுங்கக் கூடாது என்பதால் காலைக்கு மஞ்சள் மூடி, இரவுக்கு நீல மூடி. எல்லாம் கைக்காசு. சர்க்கரை நோய்க்கான கிளினிக் செலவுக்கு மட்டும் மெடிசேவ் உதவுகிறது.

அறுவைக்குத் தயாராகிறவர்கள், கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: மருத்துவமனையை விட்டு வந்தபின் ஆகும் சிகிச்சைச் செலவை எத்தனை நாள் வரை தருவீர்கள்? ரத்தப் பரிசோதனை சேருமா? உணவியல் நிபுணர்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த பரிசோதனையைத் தள்ளிப் போடலாமா என்று கேட்டார் அக்கா. வேண்டவே வேண்டாம் என்றேன். வியாழக்கிழமை லீவு போட்டு நானே கூட்டிப் போகிறேன்.