ஊசி இறங்காத காலை

செஸ்னா 172 என்னும் சிறிய விமானத்தில் பயிற்சி பெற்ற தொடக்க நாள்களில், புறப்படுவதற்கு முன் செய்யும் மேக்னெட்டோ சோதனையை நான் பாதிதான் புரிந்துகொண்டிருந்தேன். என்ஜினுக்குத் தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதே அந்தச் சோதனை. அப்போது ஆர்பிஎம், அதாவது என்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை, எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ, என்ஜின் அவ்வளவு நலமாக இருக்கிறது என்பது என் கணக்கு.

அந்த என்ஜினின் தீப்பொறிக்குப் பேட்டரி தேவையில்லை. என்ஜின் சுழலும்போது கூடவே சுழலும் காந்தம், மேக்னெட்டோவின் கம்பிச்சுருளில் மின்சாரத்தை உண்டாக்கிவிடுகிறது. நான்கு சிலிண்டர்களிலும் இரண்டிரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. ஒன்று இடது மேக்னெட்டோவுக்கு, மற்றது வலது மேக்னெட்டோவுக்கு. இரண்டு முனைகளிலிருந்து பற்றும் பெட்ரோல்-காற்றுக் கலவை விரைவாக எரிகிறது. ஒரே முனையிலிருந்து பற்றினால் எரிந்து முடியத் தாமதமாகி, அழுத்தம் உச்சத்தை எட்டுவதும் தள்ளிப்போவதால் ஆர்பிஎம் சற்றுக் குறைகிறது. நாங்கள் பறந்த 172எஸ் வகையில் 1800 ஆர்பிஎம்மில் சோதிக்க வேண்டும். இறக்கம் 150-ஐத் தாண்டக்கூடாது, இரு பக்கங்களுக்கும் இடையே வேறுபாடு 50-க்கு மேல் போகக்கூடாது.

இரண்டு மேக்னெட்டோக்களும் இயங்கும் 'போத்' நிலையிலிருந்து சாவியை இரண்டு கிளிக் திருப்பினால் வலது, ஒரு கிளிக் திருப்பினால் இடது. மூன்றாவது கிளிக் 'ஆஃப்' என்பதால் நான் வாய்விட்டே எண்ணுவேன். தவறி அங்கே போய்விட்டால் பதறிச் சாவியைத் திருப்பாமல், முதலில் என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ரோட்டிலை முழுவதும் பின்னுக்கு இழுக்க வேண்டும். இல்லையெனில் புகைக்குழாயில் தேங்கிய எரியாத பெட்ரோல் வெடித்துச் சைலன்சரைக் கிழித்துவிடலாம்.

அன்று காலை சாவி வலதில் நின்றபோது ஊசி 70 இறங்கியது. இடதில் நின்றபோது அது அசையவே இல்லை. "இடது பக்கம் அருமை, சார்" என்றேன்.

"அருமையா? வலது அணையவே இல்லை, தம்பி" என்றார் பயிற்றுநர்.

சாவியை இடதில் வைப்பது இடது மேக்னெட்டோவை இயக்குவதற்காக அல்ல. வலது மேக்னெட்டோவை எர்த் செய்து அடக்குவதற்காக. அந்த எர்த் இணைப்பைத் தரும் பி-லீட் என்னும் வயர் அறுந்துபோனால், மேக்னெட்டோ சாவிக்குக் கட்டுப்படாது. பிளக்கில் ஈயக் கசடு படிந்தால் என்ஜின் உதறி, நம்மை எச்சரிக்கும். இந்தப் பழுதோ பறக்கும்போது வெளியே தெரிவதே இல்லை. என்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு, யாரேனும் ப்ரொப்பல்லரைக் கையால் நகர்த்தினால், சிலிண்டரில் மிஞ்சிய எரிபொருள் பற்றி அது ஒரு சுற்றுச் சுற்றக்கூடும். எனக்குக் குளிர்ந்துபோனது, முந்தைய நாள் மாலை அதே ப்ரொப்பல்லரை நேராக்கி வைத்தவன் நான்தான்.

எரிபொருள் வரத்தைத் துண்டிக்கும் மிக்ஸ்ச்சர் குமிழை இழுத்து என்ஜினை நிறுத்தினோம். மெக்கானிக் மூடியைக் கழற்றி, மேக்னெட்டோவின் பின்புறம் அந்த வயரை விரலால் இலேசாக ஆட்டினார். முனையில் ஒரே ஓர் இழைதான் ஒட்டியிருந்தது, அதுவும் தொட்டதும் பிரிந்துவந்தது. புதிய முனையைப் பொருத்தும்வரை, ப்ரொப்பல்லரைத் தொடாதே என்று எழுதிய சிவப்பு அட்டையைக் கயிற்றில் கட்டி அதில் தொங்கவிட்டிருந்தார்.