ப்ரெஸ்ஸோனிடம் காது கற்றது

சினிமாவில் ஒலி சேர்ப்பது என் வேலை. காலடி, கதவு, மழை, கீழே விழும் டம்ளர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு டிராக் போடுவேன். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் ப்ரெஸ்ஸோனைப் பற்றிப் பேசுபவர்கள் மெதுவான படம், உணர்ச்சி காட்டாத முகம் என்றே சொல்வார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அவர் முதலில் சத்தத்தின் ஆசான்.

1956இல் வந்த 'எ மேன் எஸ்கேப்டு' படத்தை வேலைக்கு நடுவே அடிக்கடி போட்டுக் கேட்பேன். ஜெர்மானியர் பிடியில் இருந்த லியோன் நகரத்து மோன்லுக் சிறையிலிருந்து ஆந்த்ரே தெவீஞி என்பவர் 1943இல் உண்மையாகவே தப்பிய கதை அது. ப்ரெஸ்ஸோனும் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்தவர். தப்பிக்கும் இரவில் கூரையெங்கும் சரளைக்கல். ரயில் கடக்கும் இரைச்சலில்தான் நாயகன் அடியெடுத்து வைக்கிறான். அப்புறம் இருட்டிலிருந்து கீச் கீச்சென்று ஒரு சத்தம். அது என்னவென்று அவனுக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. எட்டிப் பார்த்தால், மதிலோரம் ஒரு காவலாள் சைக்கிளில் சுற்றிச் சுற்றி வருகிறான். அந்த இடத்தில் வயலினை ஏற்றியிருந்தால் அந்தக் கீச்சு காதில் விழுந்திருக்குமா? மோட்ஸார்ட்டின் இசை படத்தில் உண்டு, ஆனால் எண்ணி எடுத்துவைத்த சில இடங்களில் மட்டும்.

நடிகர்களை அவர் 'மாடல்கள்' என்பார். நடித்துப் பழகாதவர்களைக் கூட்டிவந்து, பாவனை உதிரும்வரை திரும்பத் திரும்பச் செய்யவைப்பார். முகம் அடங்கிவிட்டால் கதையைச் சுமக்க கைகளும் காலடியும் கதவும்தானே மிச்சம்? 1974இல் எடுத்த 'லான்ஸ்லோ து லாக்' படத்தில் வீரர்கள் அசையும்போதெல்லாம் இரும்புக் கவசம் கடகடக்கிறது. குதிரையில் வந்து ஈட்டியால் மோதும் போட்டியில் கேமரா பெரும்பாலும் குதிரைக் கால்களையே பார்த்துக்கொண்டிருக்கிறது. மோதலை நாம்தான் காதால் கட்டிக்கொள்ள வேண்டும். எனக்கு அதைவிடப் பெரிய சண்டைக் காட்சி கிடையாது.

1943 முதல் 1983 வரை நாற்பது ஆண்டுகளில் முழுநீளப் படங்கள் பதின்மூன்றுதான். 1975இல் வெளியான தன் குறிப்புப் புத்தகத்தில், கண் நிறைந்திருக்கும்போது காதுக்கு அதிகம் கொடுக்காதே என்ற பொருளில் எழுதியிருக்கிறார். நான் வேலை செய்வதும் அதை வைத்துத்தான். ஒரு காட்சி கைக்கு வந்ததும் திரையில் தெரியாதது என்னென்ன என்று எழுதிக்கொண்டு அங்கிருந்து தொடங்குவேன்.

சமீபத்தில் ஒரு காட்சி. அறைக்குள் அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, எல்லாமே குளோசப். தொடக்கத்திலேயே சோகமாக வயலின் வரட்டும் என்றார் இயக்குநர். "சார், அடுப்படியில் அண்ணி இருக்காங்களே, ஒரு மிக்ஸி ஓடட்டும்" என்றேன். தம்பி வாய்தவறி அந்த வார்த்தையைச் சொன்ன நொடியில், அரைத்துக்கொண்டிருந்த மிக்ஸியைப் பாதியில் நிறுத்திக் காட்டினேன். அண்ணியின் முகத்தைக் காட்டவே இல்லை, ஆனால் அவள் கேட்டுவிட்டாள் என்பது தெரிந்துவிட்டது. இயக்குநர் இன்னொரு தடவை போடச் சொன்னார். "சரி, வயலின் இதுக்கப்புறம் வந்தா போதும்" என்றார்.