சின்னம்மா வீட்டுக் கிச்சாப் கோழி

பினாங்கிற்குப் போகிறேன் என்றதும் கோலாலம்பூரில் என்னோடு வேலை செய்பவர்கள் ஆளுக்கு இரண்டு கடைகளின் பெயரைச் சொல்லி அனுப்பினார்கள். நாசி கண்டார் சோற்றுக்கு ஒன்று, செண்டோல் இனிப்புக்கு ஒன்று, சார் குவே தியாவ் நூடுல்ஸுக்கு ஒன்று என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. நான் புறப்பட்டதோ, பினாங்கின் ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் என் சின்னம்மாவின் கையால் மூன்று நாள் சாப்பிடுவதற்காகத்தான். அம்மா போன பிறகு எங்கள் ரப்பர் தோட்டத்து வீட்டின் கைப்பக்குவம் அவரிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது.

கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்ரயில் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடுகிறது. 1985இல் பாலம் திறக்கப்பட்ட பிறகும் எங்கள் குடும்பத்தில் தீவுக்குப் போவது என்றால் பெரி எனும் படகில் போவதுதான். கார்களையும் ஏற்றிச் சென்ற அந்தப் பழைய பெரிகள் 2020ஆம் ஆண்டு முடிவோடு ஓய்ந்துவிட்டன. 2023 ஆகஸ்டு முதல் ஓடும் புதியவற்றில் குளிர்சாதன வசதி இருக்கிறது, உப்புக்காற்று முகத்தில் அடிப்பதில்லை. சிறு வயதில் அப்பா அந்தக் காற்றில் நின்றபடி ஒரு கச்சாங் பூத்தே பொட்டலத்தை என் கையில் திணிப்பார். வறுத்த கடலை, பட்டாணி, கொண்டைக்கடலை, உடைந்த முறுக்கு எல்லாம் கலந்த அந்தப் பொட்டலம் பழைய பள்ளிக்கூட நோட்டுத் தாளைச் சுருட்டிச் செய்தது. தின்று முடித்ததும் தாளைப் பிரித்து, முகம் தெரியாத யாரோ ஒரு பிள்ளை போட்டிருந்த தப்புக் கணக்கையும் அதன்மேல் வாத்தியார் இழுத்திருந்த சிவப்புக் கோட்டையும் படிப்பேன். இன்றும் ஈப்போவின் புந்தோங் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தொழிலாகச் செய்கின்றன. நான் பையில் வைத்திருந்த பாக்கெட்டும் அங்கிருந்து வந்ததுதான். சுவையில் குறையொன்றும் இல்லை. பிளாஸ்டிக் பையில் படிப்பதற்குத்தான் ஒன்றும் இருக்கவில்லை.

கதவைத் திறந்த சின்னம்மா, "பசியாறிட்டியாம்மா?" என்றார். மணி நான்கு. மலேசியத் தமிழர்களிடம் பசியாறுவது என்பது காலை உணவைக் குறிக்கும் சொல் என்றாலும், சின்னம்மாவின் அகராதியில் அதற்கு நேரம் காலம் கிடையாது. புலாவ் திக்குஸ் பகுதிக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய அண்ணன் வாங்கி வந்த ஆப்பம் மேசையில் இருந்தது. பினாங்கில் எல்லா இனத்தாரும் இதை "அப்போம்" என்று சொல்லித்தான் வாங்குகிறார்கள். சிறு சட்டிகளில் கரி நெருப்பின்மேல் வார்க்கும் இந்த ஆப்பம், நம் வீட்டு ஆப்பத்தைவிட மெலிந்தது, சற்று இனிப்பானது, ஓரம் கருகிச் சரசரப்பது. அப்படியே இரண்டாக மடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். தொட்டுக்கொள்ள எதுவும் தேவைப்படாத ஆப்பத்தை ஆப்பமென்று ஒப்புக்கொள்ள என் அம்மா கடைசிவரை மறுத்தார். நான் ஆறு சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் ரொட்டி பெங்காலியும் சார்டின் குழம்பும். கைக்கு அடங்காத பருமனும் மெத்தென்ற உட்புறமும் கொண்ட இந்த ரொட்டிக்கும் வங்காளத்துக்கும் தொடர்பில்லை என்றும், தொழிலாளர்களே பங்கு வைத்திருந்த ஒரு ரொட்டிக்கடையிலிருந்து வந்ததால் "பங்காளி ரொட்டி" என்று தமிழில் வழங்கிய பெயரே மருவிப் பெங்காலியாயிற்று என்றும் பினாங்கில் ஒரு கதை உண்டு. சொல்லாராய்ச்சி எப்படியோ போகட்டும், பங்கு பிரிப்பதில் எங்கள் வீட்டில் நடந்த சண்டைகளைப் பார்த்தவள் என்ற முறையில் எனக்கு அந்தக் கதை பிடித்திருக்கிறது. சார்டின் குழம்பு என்பது தக்காளிச் சாறோடு தகரத்தில் அடைத்து வரும் மீனைப் பிரித்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, கொஞ்சம் புளி கரைத்து ஊற்றிப் பத்து நிமிடத்தில் இறக்குவது. விருந்தாளிக்கு இதை வைத்தால் மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் விருந்தாளி இல்லை என்பதைச் சின்னம்மா அதை வைத்தே சொல்லிவிட்டார்.

நான் இவ்வளவு தூரம் வந்ததற்கான காரணம் அன்று மதியம் அடுப்பில் ஏறியது. கிச்சாப் எனும் சோயா சாஸில் செய்யும் கிச்சாப் கோழி எந்த வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் பெயர்ப்பலகையிலும் முதல் வரியில் வராது. ஆனால் தோட்டத்தில் வளர்ந்த யாரிடமும் அம்மா சமையலில் எது நினைவிருக்கிறது என்று கேட்டால் இந்தப் பெயர் வந்தே தீரும். மஞ்சளும் உப்பும் பிசறிய கோழித் துண்டுகளைச் சின்னம்மா அரைவேக்காட்டுக்குப் பொரித்து எடுத்துவைத்தார். அதே எண்ணெயில் பட்டை, அன்னாசிப்பூ, கிள்ளிய காய்ந்த மிளகாய், வட்டமாக அரிந்த பெரிய வெங்காயம், இடித்த இஞ்சி பூண்டு என்று ஒவ்வொன்றாக இறங்கின. உருளைக்கிழங்குத் துண்டுகளையும் கோழியையும் போட்டுப் பிரட்டியபின், கட்டிக் கிச்சாப் போத்தலைச் சட்டிக்கு மேல் கவிழ்த்துப் பிடித்து, "ஒன்னு, ரெண்டு, மூனு" என்று எண்ணினார். நான் கைப்பேசியில் எழுதிக்கொண்டிருந்தேன். எத்தனை கரண்டி என்று கேட்டதற்கு, "கரண்டியில யாரு ஊத்துவா? மூனு எண்ணணும்" என்றார். கறுத்த குழம்பு சுண்டி, எண்ணெய் ஓரத்தில் பிரிந்து, இனிப்பும் உறைப்பும் ஒன்றாக எழும்பிய அந்த வாசத்தில், நிபோங் திபாலுக்கு அருகில் இருந்த எங்கள் தோட்டத்து லயத்து வீட்டின் பின்வாசல் ஒரு கணம் அந்த ஒன்பதாவது மாடியில் திறந்துகொண்டது.

சாப்பிடும்போது எனக்கு ஒன்று உறைத்தது. பாரம்பரியச் சமையல் என்று நாம் பெருமையோடு பேசும்போது தஞ்சாவூரையும் காரைக்குடியையும் நோக்கிக் கை காட்டுகிறோமே, என் தட்டில் இருந்தவற்றில் பாதி தோட்டத்து முனையில் இருந்த சீனர் மளிகைக்கடையிலிருந்து வந்தவை. கிச்சாப், சார்டின், பிளாச்சான் எனும் இறால் பசை, நெத்திலி எல்லாவற்றையும் கடைக்காரத் தவுக்கே 555 என்று அட்டையில் அச்சிட்ட சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு கடனாகக் கொடுப்பார். சம்பள நாளன்று அப்பா அந்தக் கணக்கை அடைப்பார். விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விட்டு வெயிலில் திரும்பும் பெண்ணுக்கு மசாலா அரைக்க அம்மியடியில் உட்காரும் தெம்பு எத்தனை நாள் இருந்திருக்கும்? அரைக்க முடியாத நாட்களில் பிறந்ததுதான் கிச்சாப் கோழி என்று சின்னம்மா சொல்கிறார். உழைப்பைக் குறைத்துக்கொள்ளக் கண்டுபிடித்த ஒன்று பிள்ளைகளுக்கு விருந்தாகிவிட்டது. மசாலா அரைத்து வைத்த குழம்பு நாட்களில் எங்களுக்கு முகம் சுருங்கும் என்பதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

பட்டியல் தந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று மாலையில் ஜார்ஜ் டவுனுக்கும் போய் வந்தோம். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைத் தலமாக அறிவித்த பகுதி அது. குயின் சாலை மகாமாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு, லிட்டில் இந்தியாவில் பருப்பு வடை இரண்டும் அச்சு முறுக்கு ஒரு பாக்கெட்டும் வாங்கினோம். பிறகு நாசி கண்டார். தோளில் காவுத்தடியைத் தாங்கி, ஒரு முனையில் சோறும் மறு முனையில் குழம்புகளும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடி நடந்த தமிழ் முஸ்லிம் வியாபாரிகளின் சாப்பாடு இன்று நாடு முழுவதும் பரவியிருக்கிறது. கெம்பல் சாலை ஹமீதியா உணவகம் 1907 முதல் நடந்துவருகிறது. நாங்கள் வரிசை குறைவாக இருந்த வேறொரு கடையில் உட்கார்ந்தோம். நான்கைந்து குழம்புகளைச் சோறு மூழ்க ஊற்றும் "பாஞ்சிர்" முறையில் வாங்கினேன், ருசியாகவே இருந்தது. சின்னம்மா மட்டும் தட்டை வெகுநேரம் பார்த்துவிட்டு, "எது எந்தக் குழம்புன்னு தெரியாம எப்படிச் சாப்பிடுறது?" என்று கேட்டார். அவருக்கு வெள்ளைச் சோறும் பொரித்த மீனும் வாங்கிக் கொடுத்தோம்.

வீடு திரும்பிச் சற்று நேரத்தில் கீழே ஒரு ஹார்ன் ஒலித்தது. தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருந்தபோதே சின்னம்மா எழுந்து தட்டை எடுத்துவிட்டார். மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டி வரும் இடியப்பக்காரர் அவர். மலாய்க்காரரும் சீனரும் இடியப்பத்தை "புத்து மாயாம்" என்று கேட்டபடி அவரைச் சூழ்ந்து நின்றார்கள். துருவிய தேங்காயும் பழுப்புச் சர்க்கரையும் தூவி அவர் கொடுப்பதை நாங்கள் படிக்கட்டில் நின்றே தின்றோம். பத்து விநாடியில் சர்க்கரை இடியப்பத்தின் ஈரத்தில் கரைந்து பாகாகிவிடும், அதற்குள் வாயில் போட்டாக வேண்டும் என்பது சின்னம்மா எனக்கு ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்த விதி. இம்முறையும் அவரே ஜெயித்தார்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது மைலோ டின் நிறைய நெத்திலிச் சம்பலும், தீபாவளிக்கு இன்னும் பல மாதங்கள் இருந்தபோதும் எனக்காகவே பிடித்த பாசிப்பயற்று நெய் உருண்டையும் பையில் ஏறின.

கோலாலம்பூருக்குத் திரும்பிய வாரக்கடைசியில் கிச்சாப் கோழி செய்தேன். கைப்பேசியில் எழுதியிருந்தபடி ஒன்றும் பிசகாமல் செய்து, போத்தலைக் கவிழ்த்து நிதானமாக மூன்று எண்ணினேன். தாரைப் போல் கறுத்து, வாயில் வைக்க முடியாத உப்பாக வந்தது. சின்னம்மாவை அழைத்து, அதே கிச்சாப்தான், அதே மூன்றுதான் என்று முறையிட்டேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "மூடியில ஓட்டை எவ்வளவு பெருசு?" என்று கேட்டார். நான் கத்தியால் பிளாஸ்டிக் மூடியை அறுத்திருந்தேன். அவர் வீட்டுப் போத்தலின் மூடியிலோ, சித்தப்பா இருந்த காலத்தில் சூடு காட்டிய சிறு ஆணியால் குத்திய ஒரே ஒரு துளை. போத்தல் மாறினாலும் அந்த மூடி மட்டும் கழுவிக் கழுவி இத்தனை வருடங்களாக மாறிமாறிப் பொருத்தப்பட்டு வருகிறதாம்.

"அடுத்த தடவ வரும்போது உன் மூடியக் கொண்டு வா. ஆணி இங்கதான் இருக்கு" என்றார்.