ஆப்பிரிக்க இசையும் சமூக மாற்றமும்: இந்தத் தாளை நான் படித்த விதம்

முதுகலையில் ஆப்பிரிக்க வெகுசன இசையும் சமூக மாற்றமும் பற்றிய விருப்பத்தாளை எடுத்துத் தேர்வெழுதி முடித்திருக்கிறேன். அடுத்து எடுக்கப்போகிறவர்கள் எப்படிப் படிப்பது என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

கேள்வி எந்த வடிவத்தில் வந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு பாட்டு நாட்டை மாற்றுமா? "மக்களைத் தட்டியெழுப்பியது" என்று எழுதிவிட்டு வந்தால் மதிப்பெண் விழாது. பாட்டு யார் காதுக்குப் போனது, எந்த மொழியில், எந்த வழியாக, அதன்பின் அரசாங்கம் என்ன செய்தது என்று தடம் பிடித்துக் காட்ட வேண்டும். எடுத்துக்கொண்ட ஒவ்வொரு பாட்டுக்கும் இந்த நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். தேர்வுக்கு முதல்நாள் அந்தப் பக்கங்கள் மட்டுமே போதுமாக இருந்தன.

ஒருவரையாவது ஆழமாகப் படிக்க வேண்டும் என்றால், ஜிம்பாப்வேயின் தாமஸ் மாப்ஃபூமோவைப் படியுங்கள். நாடு ரொடீசியா என்ற பெயரில் வெள்ளைச் சிறுபான்மையினர் கையில் இருந்த காலத்தில், ஆங்கில ராக், சோல் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தவர் அவர். 1970களில் அந்நாட்டு மக்களின் ஷோனா மொழிக்கு வந்தார். மொழியைவிடப் பெரிய மாற்றம் கிட்டாரில் நடந்தது. எம்பிரா என்பது மரப்பலகையில் இரும்புப் பட்டைகளைப் பொருத்தி, விரல்களால் மீட்டும் வாத்தியம். முன்னோரின் ஆவிகளை அழைக்கும் இரவுச் சடங்குகளில் வாசிக்கப்படுவது. அதனாலேயே மிஷனரிகள் பலர் அதை வெறுத்தார்கள். அந்த எம்பிராவின் சுழன்று சுழன்று வரும் இசையை ஜோஷுவா டூபே, ஜோனா சித்தோலே போன்றவர்கள் மின்கிட்டாரில் வாசித்தார்கள். தந்தியின் மேல் உள்ளங்கையை லேசாக வைத்து, நாதம் நீளாமல் அடக்கி மீட்டுவார்கள். சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையின் தாளம் டிரம்ஸின் ஹை-ஹாட் எனும் இணைத் தாளத் தட்டுகளுக்குப் போனது. ஹெட்போன் போட்டுக்கொண்டு இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். கேட்டதை உங்கள் சொந்த வார்த்தைகளில் நாலு வரி எழுதிப் பழகுங்கள். நான் வரலாற்று மாணவன், ஸ்வரம் தெரியாது. ஆனாலும் எழுத முடிந்தது. இழிவுபடுத்தப்பட்ட சடங்கின் ஒலி மின்கிட்டாரில் திரும்பி வருவதே ஓர் அரசியல் செயல் என்பதை விளக்க, அந்த நாலு வரி இல்லாமல் முடியாது.

அந்த இசைக்கு அவர் வைத்த பெயர் சிமுரெங்கா. வெள்ளையர் ஆட்சிக்கு எதிரான 1896-97 கிளர்ச்சிக்கும் 1970களின் கெரில்லாப் போருக்கும் வழங்கிய அதே பெயர். அரசு வானொலி அவரை ஒதுக்கியது; மொசாம்பிக்கிலிருந்து ஒலித்த போராளிகளின் வானொலி அவர் பாட்டுகளைப் போட்டது. வழக்கே இல்லாமல் சிறையில் வைத்தார்கள். வெளியே வந்தவருக்கு, வெள்ளையரோடு சமரசம் செய்துகொண்ட பிஷப் முசொரேவாவின் கூட்டத்தில் பாட நேர்ந்தது. இதை மறைக்காமல் எழுதுங்கள், விடைக்கு நேர்மை வரும். 1980இல் விடுதலை கிடைத்தது. 1988இல் அமைச்சர்கள் கார்களை மலிவாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்ற ஊழல் வெடித்தது. அடுத்த ஆண்டே ஊழலைப் பெயர் சொல்லித் தாக்கும் பாட்டு அவரிடமிருந்து வந்தது, இம்முறை சொந்த நாட்டு ஆட்சியாளர்களுக்கு எதிராக. பிறகு அமெரிக்காவில் குடியேறினார். விடுதலைக்கு முன், விடுதலைக்குப் பின் என்று கேட்கும் எந்தக் கேள்விக்கும் இவர் ஒருவரே போதும்.

நைஜீரியாவின் ஃபேலா கூட்டியை எல்லோரும் எழுதுவார்கள். அதனால் கவனமாக எழுத வேண்டும். இனக்குழு எல்லைகளைத் தாண்டிப் போக பிட்ஜின் எனும் எளிய கலப்பு ஆங்கிலத்தில் பாடினார். சிப்பாய்களைக் கட்டளைக்கு ஆடும் நடைபிணங்களாகக் காட்டிய 'ஸோம்பி' 1976இல் வந்தது. 1977 பிப்ரவரி 18 அன்று சுமார் ஆயிரம் சிப்பாய்கள் லாகோஸில் இருந்த அவரது 'கலக்கூட்டா' வளாகத்தைத் தாக்கி எரித்தார்கள். பெண்ணுரிமைப் போராளியான அவர் தாய் ஃபுன்மிலாயோவை மாடியிலிருந்து வீசினார்கள். மறு ஆண்டு அந்தத் தாய் இறந்துபோனார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. ஆனால் இராணுவ ஆட்சி 1979இல் போய், 1983 முடிவில் திரும்பி, 1999 வரை நீடித்தது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். பெண்களைப் பற்றிய ஃபேலாவின் பார்வை மீது பெண்ணியவாதிகள் வைக்கும் விமர்சனத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

தென்னாப்பிரிக்காவுக்குப் பாடகி மிரியம் மகேபாவை மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவர் 1963இல் ஐ.நா.வில் நிறவெறிக்கு எதிராகப் பேசியது முக்கியம்தான். கூடவே தொழிற்சங்கத் தலைவர் வூயிசிலே மினியையும் எழுதுங்கள். பிரதமர் வெர்வூர்ட்டை எச்சரித்துப் பாட்டுக் கட்டியவர், 1964இல் பிரிட்டோரியாவில் தூக்கிலிடப்பட்டார். அவர் பாட்டு ஊர்வலத்திலும் சவ அடக்கத்திலும் வாய்வழியே பரவியது. வாய்ப்பாட்டுக்கு வானொலித் தடை என்ன செய்யும்?

அண்மைக்கால உதாரணத்துக்கு செனகல். 2011இல் ராப் பாடகர்களும் பத்திரிகையாளர்களும் சேர்ந்து 'யானமார்' இயக்கத்தைத் தொடங்கி, இளைஞர்களை வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வைத்தார்கள். மூன்றாம் முறை பதவி கேட்ட அதிபர் வாட் 2012இல் தோற்றார். பாட்டுக்கும் விளைவுக்கும் நடுவே ஒரு அமைப்பும் ஒரு வேலையும் இருந்தன என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசியாக, பலரும் தொடாத ருவாண்டா. பாடகர் சைமன் பிகிண்டியின் பாட்டுகள் 1994 இனப்படுகொலையின்போது வெறுப்பு வானொலியில் ஓயாமல் ஒலித்தன. சர்வதேசத் தீர்ப்பாயம் 2008இல் அவருக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. தண்டனை பாட்டுகளுக்காக இல்லை. ஒலிபெருக்கியில் சாலையோரம் அவர் பேசிய கொலைத்தூண்டல் பேச்சுக்காக. பாட்டுகள் வெறுப்புப் பிரச்சாரத்துக்குப் பயன்பட்டதைத் தீர்ப்பாயம் ஏற்றது. ஆனால் கொலையைத் தூண்டும் நோக்கத்தில்தான் அவர் அவற்றை இயற்றினார் என்பதற்கும், 1994இல் ஒலிபரப்பியதில் அவருக்குப் பங்குண்டு என்பதற்கும் போதிய சான்றில்லை என்றது. தீர்ப்பில் பாட்டுகளைப் பற்றிய பகுதியை மட்டுமாவது முழுதாகப் படித்துவிட்டுத் தேர்வறைக்குப் போங்கள்.