மென்டரிங்ல சேர்ந்ததுல இருந்து முடிச்சது வரைக்கும், என் அனுபவம்

அடிபட்டு ஒதுக்கப்பட்டு வளர்ந்த பசங்களுக்கு மென்டரா, அதாவது வாராவாரம் போய் கூட இருந்து வழிகாட்டுற ஆளா, போகணும்னு நினைக்கிறவங்க முதல்ல கேக்குறது, அவங்ககிட்ட என்ன பேசணும்னுதான். பேச்செல்லாம் அப்புறம்ங்க, சொன்ன நாள்ல சொன்ன நேரத்துக்குப் போய் நிக்கிறதுதான் இந்த வேலையில பாதி.

விண்ணப்பம், பின்னணி சரிபார்ப்பு, நேர்காணல் எல்லாம் மெதுவாத்தான் நகரும், பொறுமையா இருங்க. நேர்காணல்ல "ஒரு வருஷமாவது இருப்பீங்களா"ன்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. ஏன்னு ட்ரெய்னிங்ல புரிஞ்சுது. கிராஸ்மேன், ரோட்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் மென்டரிங் பத்தி 2002ல வெளியிட்ட ஆய்வுல, ஒரு வருஷம் தாண்டின மென்டர்-பையன் ஜோடிகள்லதான் பசங்களுக்கு நல்ல பலன் கெடச்சிருக்கு, மூணு மாசத்துக்குள்ள முறிஞ்சுபோன இடத்துல பசங்களோட தன்மதிப்பு முன்னாடி இருந்ததை விட கீழ போயிருக்கு. பாதியில விட்டுட்டு வர்றதுக்கு போகாமலே இருக்கலாம்னு அன்னைக்கே மனசுல பதிஞ்சுபோச்சு.

1998ல வெளிவந்த ஏஸ் (ACE, சின்ன வயசுல பட்ட கொடுமைகள்) ஆய்வு பத்தியும் சொன்னாங்க, சின்ன வயசுல பட்ட அடி எப்படி பெரியவனானப்புறம் உடம்பு வரைக்கும் வருதுன்னு. ஆனா எத்தனை வகை கொடுமை நடந்துச்சுன்னு எண்ணிப் போடுற அந்த ஏஸ் ஸ்கோரை வச்சு ஒரு பையனை எடை போடாதீங்கன்னும் அழுத்திச் சொன்னாங்க. "உனக்கு என்ன கோளாறு"ன்னு பாக்காம "உனக்கு என்ன நடந்திருக்கும்"னு பாருங்கம்பாங்க இல்லையா, அதையும் மனசுக்குள்ளதான் வச்சுக்கணும், வாய்விட்டு கிண்டக் கூடாது, நாம தெரப்பிஸ்ட் இல்ல.

எனக்குக் கொடுத்த பையன் எப்பவும் கதவு தெரியுற மாதிரி நாற்காலியைத் திருப்பிப் போட்டுதான் உக்காருவான். யாராவது கதவை அறைஞ்சு சாத்துனா தோள் ரெண்டும் காது வரைக்கும் ஏறிடும், அப்புறம் எது கேட்டாலும் "ம்" மட்டும்தான். நேருக்கு நேர் உக்காந்து பேசுறதை விட்டுட்டு பக்கத்துல நடந்துக்கிட்டே பேச ஆரம்பிச்சோம், அப்பத்தான் வாய் தெறந்தான். கோவம் வந்து கத்துற நாள்ல நான் குரலை எறக்கி, ரெண்டடி தள்ளி நின்னு, ஒண்ணும் கேக்காம இருப்பேன். ப்ரூஸ் பெர்ரிங்கிற குழந்தைகள் மனநல மருத்துவர் சொல்ற வரிசை இதுதான், முதல்ல உடம்பு அமைதியாகணும், அப்புறம் ஒட்டுதல், காரண காரியம் எல்லாம் கடைசியில. ஒவ்வொரு சந்திப்பு முடிஞ்சும் "அக்கா, அடுத்த வாரம் வருவீங்கள்ல?"ன்னு கேப்பான், கொஞ்ச மாசத்துல அந்தக் கேள்வி நின்னுபோச்சு.

முக்கியமான இன்னொண்ணு, ரகசியம். முதல் நாளே சொல்லிடுங்க, உனக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னா மட்டும் நான் ஒருங்கிணைப்பாளர்கிட்ட சொல்லியாகணும், மத்தது நமக்குள்ளன்னு. ஒரு நாள் அவன் அப்படி ஒரு விஷயம் சொன்னான். "இதை ஒருங்கிணைப்பாளர் மேடம்கிட்ட சொல்லணும்டா, நீயும் கூட வர்றியா, இல்ல நான் மட்டும் பேசட்டுமா"ன்னு அவன்கிட்டயே விட்டேன். கூட வந்தான். அப்புறம் கொஞ்ச நாள் முகம் கொடுத்தே பேசல, ஆனா வர்றதை நிறுத்தல.

நமக்கும் மாசாமாசம் மனசு விட்டுப் பேச ஆள் இருக்கான்னு சேரும்போதே கேட்டுக்கோங்க, பசங்க கதையெல்லாம் கேட்டா நமக்கே தூக்கம் போயிடும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்துல சேராதீங்க.

முடிவையும் சில மாசம் முன்னாடியே சொல்லிட்டேன், கடைசி சந்திப்பு எப்படி இருக்கணும்னு அவனே முடிவு பண்ணான். "இதுக்கப்புறம் போன் பண்ணலாமாக்கா"ன்னு கேட்டான். அங்க என்ன விதின்னு முன்னாடியே கேட்டு வச்சிருந்ததால மழுப்பாம பதில் சொல்ல முடிஞ்சுது.