முற்றத்தில் விஷ்ணுகிரந்தி

செப்டம்பர் 21

புதுக்கோட்டைக்கு வெளியே, தைலமரத் தோட்டத்தை ஒட்டிய பொட்டலில் மனைக்கல் ஊன்றிவிட்டார்கள். செம்புறைப் பாறையும் சரளையுமாகக் கிடக்கும் அந்த நிலத்தில்தான் சிறு வயதிலிருந்து விஷ்ணுகிரந்தியைப் பார்த்து வருகிறேன். குனிந்தால்தான் கண்ணில் படும் செடி. மண்ணோடு படிந்து நாலாபக்கமும் ஓடும் மெல்லிய கிளைகள், பட்டுப்போன்ற ரோமம் போர்த்திய சிற்றிலைகள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய நீலப்பூ. மண் அள்ளும் இயந்திரம் வருவதற்குள் விதை எடுத்தாக வேண்டும்.

வைக்கோல் நிறத்துக்கு மாறித் தலை கவிழ்ந்த காய்களை மட்டும் பறித்தேன். மிளகைவிடச் சிறிய காய். உள்ளே அதிகம் போனால் நான்கு விதை. செடியையே பெயர்த்துக்கொண்டு போகலாமே என்று தம்பி கேட்டான். பல ஆண்டு வாழும் செடி இது. அடியில் வேர் கட்டையாகித் தடித்துச் சரளைக்குள் இறங்கியிருக்கும். கடப்பாரை போட்டால் வேர்தான் முறியும்.

செப்டம்பர் 29

நர்சரியில் விஷ்ணுகிரந்தி என்று கேட்டதும் பெரிய நீலப்பூவோடு ஒரு தொட்டியை எடுத்து வைத்தார்கள். அது 'ப்ளூ டேஸ்'. அதே எவால்வுலஸ் பேரினம்தான், ஆனால் பிரேசில் பக்கத்துச் செடி. தண்டை ஒடித்து வைத்தாலே வேர் பிடிக்கும். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருந்தாலும் ஊர் எல்லையில் தானாக முளைக்கும் செடியின் பெயரைச் சொல்லி, கடல் கடந்து வந்த உறவுக்காரச் செடியை விற்பது எனக்கு வருத்தமாக இருந்தது. வாங்கவில்லை.

அக்டோபர் 7

முற்றத்தின் தெற்கு மூலையில் காலையிலிருந்து மாலைவரை வெயில் விழும். அங்கே செம்மண்ணும் பொடிச்சரளையும் சரிபாதி கலந்து, ஒரு சாண் உயரத்துக்கு மேடு கட்டினேன். எரு போடவில்லை, போடப்போவதுமில்லை. உரம் கண்ட மண்ணில் கோரையும் அருகும் முதலில் எழுந்து இதை மூடிவிடும். பிற செடிகள் பிழைக்கத் தயங்கும் மண்ணில் வாழக் கற்றதே இதன் பலம். அந்த மண்ணைத்தான் இதற்குக் கொடுக்க வேண்டும்.

விதைகளை உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்து, இரவு முழுவதும் நீரில் போட்டேன். காலைமலரி (மார்னிங் குளோரி) குடும்பத்து விதைகளின் தோல் எளிதில் தண்ணீரை உள்ளே விடாது; இதுவும் அந்தக் குடும்பம்தான். கோடையில் ஒரு மழை பெய்ததும் ஏமாந்து முளைத்துக் கருகாமல் இருப்பதற்கு அது நல்ல ஏற்பாடு. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்துச் செய்யும் வேலையை உப்புத்தாள் சீக்கிரம் முடித்துக் கொடுக்கிறது. காலையில் ஊதிப் பெருத்திருந்தவற்றை விதைத்து, மேலே மணல் தூவினேன். ஊதாதவற்றை மறுபடியும் தேய்த்து ஊறப்போட்டிருக்கிறேன்.

அக்டோபர் 22

முளைத்துவிட்டன! ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.

நவம்பர் 14

விடாத மழை. மேட்டில் தண்ணீர் நிற்கவில்லை; சரளை வழியாக இறங்கிவிடுகிறது. நாற்றுகளின் இலையில் இப்போதே அந்த ரோமம் தெரிகிறது.

பக்கத்து வீட்டு அத்தை ஒரு கூடைச் சாணி எருவோடு வந்தார். "பிள்ளை மாதிரி பார்க்கிறாய், பட்டினி போடுகிறாயே அம்மா?" என்றார். "இதற்கு இதுதான் அத்தை சாப்பாடு" என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. எரு கத்தரிக்குப் போயிற்று.

ஜனவரி 3

கேரளத்தில் மார்கழித் திருவாதிரைக்குப் பெண்கள் தலையில் தசபுஷ்பம் சூடுவார்கள். அந்தப் பத்தில் விஷ்ணுகிரந்தியும் ஒன்று. அருகம்புல், நிலப்பனை, கரிசாலை, முயல்செவி, முடக்கொத்தான் எல்லாமே அந்த வரிசையில் இருக்கின்றன. கொங்குப் பக்கம் பொங்கலுக்குக் காப்புக் கட்டும் சிறுபூளையும் அதில் உண்டு. வரப்பிலும் வேலியோரத்திலும் கிடப்பதைப் பொறுக்கித் தலையில் வைத்துக்கொண்ட அந்தப் பெண்களை எனக்கு மிகவும் பிடிக்கிறது.

பிப்ரவரி 4

முதல் பூ. காலை எட்டு மணிக்கு வெயில் மேட்டைத் தொட்ட பிறகு மெல்ல விரிந்தது. இலைக்கக்கத்திலிருந்து நூல் போன்ற காம்பு, அதன் நுனியில் தட்டையாக விரிந்த நீலம், நடுவில் வெளுப்பு. கத்தரிப்பூ சாயல் துளியும் இல்லாத சுத்தமான நீலம். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அம்மா தரையில் உட்கார்ந்தே பார்த்தார்.

சற்று நேரத்தில் கொசுத்தேனீ ஒன்று வந்தது. பூவின் பாதியை அதன் உடலே அடைத்துக்கொண்டது. நண்பகலுக்குள் இதழ்கள் சுருங்கிவிட்டன. ஒரு பூவுக்கு ஒரு முற்பகல்தான் ஆயுள். ஆனால் அடுத்த கணுவில் மொட்டு காத்திருக்கிறது. இது காலைமலரி குடும்பத்துச் செடிதான். ஆனாலும் எதையும் பற்றிச் சுற்றி ஏறுவதில்லை, தரையே போதும் என்று பரவுகிறது.

மார்ச் 10

நாட்டு மருந்துக் கடையில் அம்மாவுக்குத் திப்பிலி வாங்கப் போனேன். சாக்கில் காய்ந்த விஷ்ணுகிரந்தி, வேரோடு. சித்த மருத்துவத்தில் சுரத்துக்குக் குடிநீர் காய்ச்ச முழுச்செடியையும் எடுப்பார்கள். "யாராவது பயிர் செய்கிறார்களா, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "காட்டில் கிடப்பதை யார் அம்மா பயிர் செய்வார்கள்?" என்றார். பொட்டல் முழுவதும் மனையாகிக்கொண்டிருக்கும்போது, பறிப்பவர்கள் வேரோடு பறித்தால் மிச்சம் என்ன இருக்கும்? பல்லாண்டுச் செடியின் ஆயுள் வேரில்தான் இருக்கிறது. மருந்துக்கு வேண்டுமென்றால் விதைத்து வளர்த்து எடுக்கட்டும். ஒரு சாண் மேட்டில் வருகிற செடிதானே!

மே 12

கத்திரி வெயில். கிளைகள் பழுத்துச் சருகாகிவிட்டன. வேலைக்கு வந்த பெரியவர் களைக்கொத்தைக் கையில் எடுத்தார். "வேண்டாம் ஐயா, அடியில் உயிர் இருக்கிறது" என்று தடுத்தேன். தண்ணீரும் ஊற்றவில்லை.

ஆகஸ்ட் 19

ஆடி கடைசியில் பெய்த மழைக்குப் பழைய வேர்க்கட்டையிலிருந்து புதுத்தளிர்கள் கிளம்பி, மேட்டின் விளிம்பைத் தாண்டிவிட்டன. சென்ற பருவத்தில் உதிர்ந்த விதைகளும் செங்கல் சந்தில் முளைத்திருக்கின்றன. அவற்றை எடுக்கப்போவதில்லை.

பொட்டலில் இப்போது சாலை போட்டுவிட்டார்கள். காய் முற்றியதும் விதைகளைக் காகித உறையில் போட்டு, தெருமுனைப் பள்ளியின் ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டும். கொடிக்கம்பத்தின் பக்கத்தில் வெயில் விழும் சரளைத் தரை இருக்கிறதாம். உப்புத்தாள் ஒரு துண்டும் சேர்த்துக் கொடுப்பேன்.