வதரிக்குக் கட்டிய மூட்டை

எங்கள் அப்பா ஸ்ரீரங்கத்து வீட்டின் ரேழியில் அமர்ந்து நாள்தோறும் பிரபந்தம் சேவிப்பார். திருமங்கையாழ்வார் பெரிய திருமொழியின் முதற்பத்தில் வதரிக்கு, அதாவது பத்ரிநாத்துக்கு, இருபது பாசுரங்கள் அருளியிருக்கிறார். முதுமை வந்து, கோலைத் துணையாக ஊன்றி, குனிந்து நடக்கும் நிலை வருவதற்கு முன்பே வதரியை வணங்குவோம் என்று அழைக்கும் இடம் வந்தால் அப்பா ஒரு கணம் நிறுத்தி, "அடுத்த வருஷம் போயிடலாம்" என்பார். அடுத்த வருஷங்கள் பல கழிந்தன; கோல் முந்திக்கொண்டது; மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பா பரமபதம் அடைந்தார். அம்மாவுக்கு 71 வயது நிறைந்த அன்று அவரே பேச்சை எடுத்தார்: "நான் கோல் பிடிக்கறதுக்குள்ள பத்ரிக்குப் போகணும். அப்பாவுக்கு அங்கே பிண்டம் போடணும். நடை திறக்கிற அன்னிக்கே பெருமாளைச் சேவிக்கணும்."

பத்ரிநாத் கோயில் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் பனியில் மூடிக் கிடக்கும். மீண்டும் நடை திறக்கும் நாளை வசந்த பஞ்சமியன்று நரேந்திர நகர் அரண்மனையில், டிஹ்ரி அரச குடும்பத்தார் முன்னிலையில் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பார்கள். மலையெல்லாம் பனி உறைந்திருக்கும்போதே, வசந்தத்தின் பெயர் தாங்கிய திதியில், பெருமாள் கண் விழிக்கும் நாள் குறிக்கப்பட்டுவிடுகிறது. பின்னர் ஒரு நல்ல நாளில் அதே அரண்மனையில் சுமங்கலிகள் மஞ்சள் புடவை உடுத்து, விரதம் இருந்து, தங்கள் கையாலேயே எள் இடித்து எண்ணெய் எடுக்கிறார்கள். அந்த எண்ணெய்க் குடம் ஊர் ஊராக மரியாதை பெற்றுக்கொண்டு மலையேறிப் பெருமாளிடம் சேர்கிறது. இந்தச் செய்தியைப் படித்துச் சொன்ன அன்றுதான் அம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்க வேண்டும். அது மூட்டை கட்டும்போது தெரிந்தது.

பங்குனியிலேயே பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கினோம். வாழ்நாளில் மார்கழிக் குளிரைத் தவிர வேறு குளிரை அறியாத குடும்பம், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,100 மீட்டர் உயரத்துக்குப் புறப்படுகிறது. மலையேறிப் பழகிய தம்பியின் நண்பர் ஒருவர் சொன்ன யோசனைகளை இப்போதும் நன்றியுடன் நினைக்கிறேன். கனமான ஒரு கம்பளிச் சட்டையைக் காட்டிலும் மெல்லிய மூன்று உடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நல்லது. வெயில் ஏறினால் ஒவ்வொன்றாகக் களையலாம், இருட்டினால் மீண்டும் சேர்க்கலாம். உடம்பை ஒட்டிய உடை பருத்தியாக இருந்தால் வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நின்ற மாத்திரத்தில் நடுக்கம் கொடுக்கும் என்றார். ஆகவே உள்ளே தெர்மல், அதன்மேல் கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத அங்கி. காலுக்குக் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி. தலைக்குக் குரங்குக் குல்லா. அம்மா மட்டும் ஒன்பது கஜத்தின்மேல் இத்தனையையும் எப்படிப் போடுவது என்று கவலைப்பட்டார். உள்ளே தெர்மல் கால்சட்டையும், மேலே அகலமான சால்வையும் என்று அதற்கும் வழி பிறந்தது.

மருந்துகளைப் பெரிய பெட்டியில் வைக்கக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். மலைப்பாதையில் பெட்டி வண்டியின் தலைமேல் இருக்கும். மாத்திரை வேண்டிய நேரத்தில் கைக்கு எட்டாது. அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரைகள், மருத்துவரின் சீட்டு, உத்தராகண்ட் அரசின் யாத்திரைப் பதிவுத் தாள், அடையாள அட்டை, சில்லறைப் பணம், டார்ச் விளக்கு ஆகிய அனைத்தும் என் தோள்பையில் ஏறின. கைபேசிக்கான பவர் பேங்கைக் கம்பளிக் காலுறைக்குள் சுற்றி வைத்தேன், ஏனென்றால் கடுங்குளிரில் பேட்டரி விரைவில் இறங்கிவிடும்.

அம்மாவின் மூட்டை தனி. அது அப்பா உடுத்திய மயில்கண் வேட்டி. நான்கு முனைகளையும் சேர்த்து முடிந்தால் பையாகிவிடும். உள்ளே தர்ப்பைக்கட்டு, கறுப்பு எள், பச்சரிசி, திருமண், கற்பூரம், சீயக்காய்ப் பொடி, அகல் ஒன்று, கையால் திரித்த பஞ்சுத்திரிகள். எல்லாவற்றுக்கும் நடுவில் பித்தளைத் திருகுசெம்பு ஒன்றில் நல்லெண்ணெய் இருந்தது. எள் வாங்கி, புடைத்து, காயவைத்து, தெரிந்த செக்கில் நின்று ஆட்டி வந்த எண்ணெய். மூவாயிரம் கிலோமீட்டரை நெருங்கும் பயணத்தில் அது ஒழுகாமல் இருக்காது, கம்பளி முழுவதும் பாழாகும் என்று நான் வாதாடினேன். அம்மா பதில் சொல்லாமல் மூடியின் மரையில் துணியைச் சுற்றி இறுக்கி, அதன்மேல் பிளாஸ்டிக் உறை போட்டு நூலால் கட்டினார். பிறகு, "அந்த அரண்மனைப் பெண்கள் இடிக்கிறாங்க. நம்ம வீட்டு எள்ளும் கொஞ்சம் போகட்டும்" என்றார். அதற்குமேல் நான் எதுவும் பேசவில்லை.

நம் நூல்கள் சித்திரையையும் வைகாசியையும் இளவேனில் என்று வகுத்திருக்கின்றன. திருச்சிப் பகுதியில் பிறந்த யாருக்கும் அந்தப் பெயர் சற்றுப் பொருந்தாததாகவே தோன்றும். அந்த மாதங்களில் காவிரி மணலில் கால் வைக்க முடியாது. நம்பெருமாளுக்கே வைகாசியில் வசந்தோற்சவம் நடத்தி வெப்பம் தணிக்கிறோம். அந்த வெயிலில் கம்பளிகளைச் சுமந்துகொண்டு ரயில் ஏறினோம். டெல்லி வழியாக ஹரித்வார், அங்கிருந்து ரிஷிகேஷ்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரி ஏறத்தாழ 300 கிலோமீட்டர். ஒரே நாளில் ஏறுகிறவர்களும் உண்டு. சுமார் 350 மீட்டர் உயரத்திலிருந்து 3,100 மீட்டருக்கு உடம்பைத் திடீரென்று கொண்டுபோய் நிறுத்துவது வயதானவர்களுக்கு நல்லதல்ல என்பதால் நாங்கள் மூன்று நாட்களாகப் பிரித்துக்கொண்டோம். அந்த உயரத்தில் மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல் மட்டத்தில் கிடைப்பதில் 100-க்கு 70 பங்கு அளவுதான். பெருமாளைச் சேவிக்கும் நேரத்தில் தலைசுற்றாமல் இருக்க வேண்டுமானால் வழியில் இரண்டு இரவு தங்குவதும் வழிபாட்டின் பகுதிதான் என்பது என் எண்ணம்.

அந்த மூன்று நாட்களில்தான் இளவேனில் என்ற சொல்லுக்குப் பொருள் கண்டேன். தேவப்பிரயாகையில் சித்திரை வெயில் நம்மூரைப் போலவே சுட்டது. ருத்ரபிரயாகை, கர்ணபிரயாகை என்று ஏற ஏறக் காற்று இளகியது. சரிவுகளில் கோதுமை முற்றி நின்றது. அதற்கும் மேலே, ஓக் மரங்களுக்கு இடையில் புராம்ஸ் மரங்கள் செக்கச்சிவந்த கொத்துகளாகப் பூத்திருந்தன. உத்தராகண்டின் மாநில மரம் அது. நம் நீலகிரிச் சோலைகளில் காட்டுப்பூவரசு என்று நிற்பதும் அதன் இனமே. கீழே பூ உதிர்ந்து காய்பிடித்துவிட்ட மரத்தை மேலே முழுப்பூவுடன் பார்த்தோம். இன்னும் மேலே அரும்பாகப் பார்த்தோம். வசந்தம் எங்களுக்கு முன்னால் ஒரு நாள் நடைத் தூரத்தில் மலையேறிக்கொண்டிருந்தது போல் இருந்தது. வழியோரக் கடையில் அந்தப் பூவின் சாற்றைச் சர்பத்தாகக் குடித்தோம். புளிப்பும் இனிப்புமாக, அம்மாவுக்கு நன்னாரியை நினைவூட்டியது.

நந்தபிரயாகையைத் தாண்டியதும் மழை பிடித்தது. வண்டியின் தலைமேல் தார்ப்பாய் கட்டியிருந்தோம். காற்றில் அதன் ஒரு முனை அவிழ்ந்ததை யாரும் கவனிக்கவில்லை. பீப்பல்கோட்டியில் இறக்கிப் பார்த்தபோது என் சக்கரப் பெட்டியின் ஓரத்தையல் வழியாக நீர் புகுந்து, அடியில் வைத்த கம்பளிகள் மூன்று ஊறியிருந்தன. உடைகளைத் தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போடாதது என் தவறு. அம்மாவின் வேட்டி மூட்டை அவர் மடியிலேயே இருந்ததால் ஒரு துளி ஈரம் இல்லை. விடுதிக்காரர் விறகடுப்பின் அருகே கயிறு கட்டிக் கொடுத்தார். இரவு முழுவதும் புரட்டிப் புரட்டிக் காயவைத்தோம். அந்தக் கம்பளிகளில் கடைசிவரை புகைவாசம் இருந்தது. பத்ரியில் அதைப் போர்த்திக்கொண்டபோது அந்த முகம் தெரியாத மனிதரையும் சேர்த்தே வேண்டிக்கொண்டேன்.

ஜோஷிமட்டில் நரசிம்மர் சன்னதியில் சேவித்துவிட்டு வெளியே வந்தபோது, குளிர்காலம் முழுவதும் அங்கே வைக்கப்பட்டிருந்த ஆதிசங்கரரின் பீடம் பத்ரிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. கேரளத்து நம்பூதிரியான ராவல், அதாவது கோயிலின் தலைமை அர்ச்சகர், உடன் நடந்தார். எண்ணெய்க் குடமும் சென்றது. அம்மா தம் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு குடத்தைக் கும்பிட்டார். இந்த ஊர்வலம் இரவு பாண்டுகேஷ்வரத்தில் தங்கும். அங்கே குளிர்காலத்தைக் கழித்த, கண்ணனின் தோழரான உத்தவரும் குபேரரும் திருமேனிகளாக மறுநாள் சேர்ந்துகொள்வார்கள். நாம் மட்டும்தான் மூட்டை கட்டுகிறோம் என்று நினைத்திருந்தேன். இந்த மலையில் பெருமாளின் பரிவாரமும் பருவந்தோறும் மூட்டை கட்டி இறங்கி, மூட்டை கட்டி ஏறுகிறது.

நடை திறப்பன்று அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தோம். தப்த குண்டத்தின் வெந்நீர் கையை வைத்ததும் வெடுக்கென்று எடுக்க வைக்கும் சூடு. ஓரத்தில் அமர்ந்து சிறிது சிறிதாக மேலே ஊற்றிப் பழகிய பிறகுதான் இறங்க முடிந்தது. அறைக்குத் திரும்பியதும் அம்மா மூட்டையை அவிழ்த்தார். செம்பின் மேல் கட்டியிருந்த துணியில் எண்ணெய்க் கறை கூட இல்லை. குளிரில் எண்ணெய் சற்றுத் தடித்திருந்தது. உள்ளங்கைகளால் செம்பைப் பொத்தி வைத்திருந்து அகலில் ஊற்றி, இரண்டு திரி போட்டு, கோயில் இருக்கும் திசை நோக்கி ஏற்றினார். ஜன்னலுக்கு வெளியே நீலகண்ட சிகரம் இன்னும் இருட்டில் இருந்தது. அப்பாவின் வேட்டி விரித்தபடி கிடந்தது. நாங்கள் மூவரும் பேசவில்லை.

வரிசையில் நின்ற நேரம் நீண்டது. சிங்கத்துவாரம் முழுவதும் சாமந்திச் சரங்கள். இராணுவ வாத்தியக் குழுவின் இசை பள்ளத்தாக்கில் எதிரொலித்தது. கதவு திறந்ததும் எழுந்த "பத்ரி விஷால்" கோஷத்தில் அம்மாவின் "நாராயணா" எனக்கு மட்டும் கேட்டது. குளிர்காலம் முழுவதும் மகாலட்சுமித் தாயார் கருவறையில் பெருமாளுடனேயே வீற்றிருக்கிறார். நடை திறக்கும்போது தாயார் பிராகாரத்தில் உள்ள தம் சன்னதிக்கு எழுந்தருள, உத்தவரும் குபேரரும் உள்ளே இடம் பெறுகிறார்கள். மனிதர்கள் பூசிக்காத ஆறு மாதமும் தேவர்கள் பூசிக்கிறார்கள் என்பதும், சாத்திய நடைக்குள் அணையாத விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது என்பதும் நம்பிக்கை. அந்த விளக்கைக் கண்ணாரக் காணவே இந்த நாளுக்கு இத்தனை கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது சில விநாடிகள். கருமையான சாளக்கிராமத் திருமேனி, பத்மாசனத் திருக்கோலம், பக்கத்தில் சிறு சுடர். அம்மா பாசுரம் சொல்லத் தொடங்கி முதல் அடியோடு குரல் அடைத்து நின்றார். மீதியைத் தம்பி சொன்னான்.

கார்த்திகைக்கு முன்பின்னாக நடை சாத்தும்போது பெருமாளுக்கு ஒரு போர்வை சாத்துகிறார்கள். பக்கத்தில் உள்ள மாணா கிராமத்துக் கன்னிப்பெண்கள் நெய்து தரும் கம்பளி அது. அதில் நெய் தோய்த்துத் திருமேனியைச் சுற்றிவிட்டுக் கதவைச் சாத்துவார்கள். நடை திறந்ததும் முதலில் அந்தப் போர்வையைக் களைவார்கள். நெய் உலராமல் இருந்தால் அந்த ஆண்டு நாடு செழிக்கும் என்று அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். பிறகு அது இழை இழையாகப் பிரசாதமாகிறது. எங்கள் கைக்கு அது எட்டவில்லை. வெளியே படியில் அமர்ந்திருந்த கட்வாலி மூதாட்டி ஒருவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். தம் முந்தானை முடிச்சை அவிழ்த்து, சுண்டுவிரல் நீளமே இருந்த தம் இழையை இரண்டாகக் கிள்ளி ஒன்றை அம்மாவின் கையில் வைத்தார். பழுப்பு நிறம், முறுக்கு விட்ட கம்பளி, நெய் மணம். ஸ்ரீரங்கத்தில் வெயில் தணிக்க வசந்தம் கொண்டாடுகிறோம். இங்கே பெருமாள் போர்வையைக் களைவதே வசந்தம். எந்தத் திருமேனிக்கு எது வேண்டுமென்று அந்தந்த மண்ணின் மனிதர்கள் குழந்தைக்குப் பார்ப்பது போல் பார்த்துச் செய்கிறார்கள்.

அன்று பிற்பகல் அலகநந்தைக் கரையில் பிரம்ம கபாலத்தில் கோயில் பிரசாத அன்னத்தால் அப்பாவுக்கும் முன்னோருக்கும் தம்பி பிண்டம் இட்டான். எங்கள் எள்ளும் தர்ப்பையும் தீர்ந்தன. மறுநாள் மாணாவுக்குப் போனோம். குளிருக்குக் கீழ்நிலங்களுக்கு இறங்கிய ஊர் மக்கள் அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கல்வீடுகளின் கதவுகள் திறந்திருந்தன. பெண்கள் விரிப்புகளை உதறி மதிலில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் தறி தயாராகிக்கொண்டிருந்தது. அம்மா மொழி தெரியாமலேயே அந்தத் தறியருகே அரைமணி நேரம் அமர்ந்திருந்தார்.

இறங்கும் வழியில் தேவப்பிரயாகையில் நிற்கச் சொன்னார். பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர் அது. அலகநந்தையும் பாகீரதியும் வெவ்வேறு நிறமாக வந்து மோதி, அங்கிருந்து கங்கை என்று பெயர் பெறுகின்றன. கரையில் உள்ளவர்கள் ஆரவாரத்தோடு வரும் பாகீரதியை மாமியார் என்றும் அமைதியான அலகநந்தையை மருமகள் என்றும் சொல்கிறார்கள். அம்மா கடைசிப் படியில் அமர்ந்து, காலியான திருகுசெம்பில் சீயக்காய்ப் பொடியைப் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை மூன்று முறை தேய்த்துக் கழுவினார். படித்துறையில் பிடித்துக்கொள்ளக் கட்டியிருந்த சங்கிலியை இறுகப் பற்றிக்கொண்டு, இரண்டு நிறமும் கலக்கும் இடத்தை நோக்கிக் கையை நீட்டி நீர் மொண்டு, மூடியைத் திருகி, மரையில் அதே துணியைச் சுற்றினார். மூட்டையை இந்த முறை என்னிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார். அப்பாவின் வேட்டியை விரித்து, நடுவில் செம்பை வைத்து, கம்பளி இழையை ஒரு துளசி இலையோடு முனையில் முடிந்து, நான்கு மூலைகளையும் சேர்த்துக் கட்டினேன்.